ஆள்கணக் இரண்டு முறை கேட்டது

நான் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது திவ்யா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். நிறுவனத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை கேட்டு எனக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "மேடம், உங்க காலத்துல கருப்பு ஸ்கிரீன்ல ஒரு சாப்ட்வேர் இருந்துச்சாமே, மவுஸே கிடையாதாமே! அதப் பத்தி ஜாலியா ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. படிச்சா சிரிப்பு வரணும்."

சரி, எழுதுகிறேன். முதல் பக்கத்தில் சிரிக்க ஏதோ கொஞ்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் பொறுப்பில்லை. இதை மலரில் போடுவார்களா என்பதும் சந்தேகம்தான். போடாவிட்டால் நீ மட்டும் படித்தால் போதும் திவ்யா.

எங்கள் நிறுவனத்தின் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்வேலி நகரியத்தில் தெரு கூட்ட, பூங்காவில் புல் வெட்ட, குப்பை அள்ள ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புவது. பிளாக் பிளாக்காகக் கூட்டும் நூற்று நாற்பது பேரின் வருகையைப் பதிவது என் வேலை. அதற்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்தேன், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மூன்று வாரம் கம்ப்யூட்டர் கற்றேன். என் படிப்பு அவ்வளவுதான். வீட்டுக்காரர் மைன்ஸில் பர்மனன்ட். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எனக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த கோவிந்தராஜ் வாத்தியார்தான் அந்தப் புரோகிராமையும் எழுதித் தந்தார். டாஸில் ஓடுவது. 'ஆள்கணக்கு' என்று பெயர் வைக்கப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஃபைலுக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதியபோது கடைசி இரண்டு எழுத்துக்கு இடமில்லாமல் 'ஆள்கணக்' என்று நின்றுவிட்டது. ஆபீஸில் எல்லோருக்கும் அது ஆள்கணக் தான். "ஆள்கணக் தொறந்தாச்சா?" "ஆள்கணக்ல பாத்தீங்களா?" என்றுதான் பேச்சு.

கருப்புத் திரை, பச்சை எழுத்து. ஐந்தே வரி. வருகை, திருத்தம், பிரின்ட், மாதக் கணக்கு, வெளியே. ஆளின் எண்ணை அடித்து, வந்திருந்தால் P, வராவிட்டால் A. நூற்று நாற்பது பேரை இருபது நிமிஷத்தில் முடித்துவிடுவேன். எதை மாற்றினாலும் 'நிச்சயமா?' என்று ஆங்கில எழுத்தில் தமிழிலேயே கேட்கும். Y அடித்தால்தான் நகரும். எதையாவது மொத்தமாக அழிக்கப் போனால் ஒரு தடவை கேட்டு விடாது. 'நிச்சயமா?' என்று கேட்டு, நாம் Y அடித்த பிறகு, 'இன்னொரு தடவை யோசிங்க' என்று மறுபடியும் Y, N கேட்டு நிற்கும். "ஏன் சார் இப்பிடி ரெண்டு தடவ கேக்குது, மாமியார் மாதிரி?" என்று வாத்தியாரிடம் கேட்டேன். "அழிக்கறதுக்கு முன்னாடி மனுஷன் ஒரு மூச்சு விடணும்மா" என்றார். நான் அன்று சிரித்தேன்.

கீபோர்டில் முதலில் தேய்ந்த எழுத்து Y. அந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் திணறுவார்கள். சிரிக்க இருப்பது இவ்வளவுதான்.

வேலை நடந்த முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்கு வீராசாமி மேஸ்திரி ஷெட்டில் ஆள் எடுப்பார். வந்தவர்களின் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒன்பது மணிக்கு என் மேஜையில் வைப்பார். நான் பதிந்துவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கூடையில் போடுவேன். பதிந்த பிறகு அதற்கு என்ன மதிப்பு என்பது என் எண்ணம். சாயங்காலம் ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கத்திக் கத்தி ஒரு பட்டியல் அடித்துத் தரும். மறுநாள் காலை மேஸ்திரி அதை ஷெட்டில் உரக்க வாசிப்பார். பெயர், வந்த நாள் மொத்தம். வாசிப்பு முடிகிற வரை துடைப்பத்தைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. ஆனால் தனக்கு முன்னால் யார் பெயர் வரும், பின்னால் யார் பெயர் வரும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு நாள் குறைந்தாலும் அங்கேயே சத்தம் வரும். "மேஸ்திரி, நேத்து நான் பதினாறாவது பிளாக்குல கூட்டிகினு இருந்தனே, நீதானே டீ குடிக்கப் போறப்ப பாத்த?" மேஸ்திரி பென்சிலால் வட்டம் போட்டு அனுப்புவார். நான் திருத்தத்தில் போய் மாற்றுவேன். நிச்சயமா? Y. தகராறு அதோடு தீர்ந்தது. பதினெட்டு வருஷம் இப்படி ஓடியது. இதைவிட நேர்மையான ஓர் ஏற்பாட்டை நான் அந்தக் கட்டடத்தில் பார்த்ததில்லை.

நாள் கணக்கு எதற்கு இவ்வளவு முக்கியம்? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஆளைக் குறைப்பார்கள். சீனியாரிட்டி லிஸ்டில் பெயர் இருந்தால் தொட முடியாது. வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நாள் வீதம் தொடர்ந்து மூன்று வருஷம் வந்தவர்களுக்குத்தான் அந்த லிஸ்ட். மற்றவர்கள் வெளியே போய், அதிர்ஷ்டம் இருந்தால் புது ஆளாகத் திரும்பி வந்து, முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

தானே புயல் அடித்த மறு வருஷம் அஞ்சலை வந்தாள். காடாம்புலியூர்க்காரி. அவள் வேலை பார்த்த முந்திரித் தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. புருஷன் இல்லை. காலையில் எங்களிடம் தெரு கூட்டுவாள். மூன்று மணிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைப்பாள். உள்ளூர் மரம் விழுந்தால் என்ன, கப்பலில் வரும் கொட்டை பண்ருட்டிக்கு மூட்டை மூட்டையாக வந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் கொட்டையின் தோலில் இருக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அப்படியும் தோல் உரியும். எட்டு வயதிலிருந்து உடைத்தவள் அவள். பத்து விரல் நுனியும் பாதி கரைந்த சோப்புக் கட்டி போல வழவழவென்று இருக்கும்.

முதல் வருஷம் இருநூற்று எழுபத்து மூன்று நாள். இரண்டாம் வருஷம் இருநூற்று அறுபத்தெட்டு. மூன்றாம் வருஷம் ஏப்ரலில் விரல் ரேகை மிஷின் வந்தது.

இங்கே சுந்தரமூர்த்தி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மேனேஜர். கோபித்து நான் பார்த்ததில்லை. துப்புரவுப் பெண்கள் உள்ளே வந்தால்கூட எழுந்து நின்று பேசுவார். தீபாவளிக்குத் தன் கையால் ஸ்வீட் கொடுப்பார். ஏதாவது கடுமையான விஷயம் சொல்ல வேண்டுமென்றால் "மேடம், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிப்பார். குரல் தணியத் தணிய விஷயம் பெரியது என்று அர்த்தம். எதையும் எழுதித் தரமாட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையெழுத்தோடு எனக்கு ஓர் உத்தரவு வந்ததில்லை. எல்லாம் வாயால்தான். மிஷின் வந்த பிறகு அவருக்கு இன்னொரு வாக்கியமும் கிடைத்துவிட்டது. எது கேட்டாலும், "நான் என்னம்மா பண்ண முடியும், சிஸ்டம் ஒத்துக்காது."

புதுச் சிஸ்டத்தில் கையால் P போட வழியே கிடையாது. திருத்தம் என்ற வரியே இல்லை. விரலை வைத்தால் வருகை, இல்லாவிட்டால் இல்லை. பட்டியலும் வாசிப்பும் நின்றுபோயின. "எல்லாம் ஆன்லைன்ல இருக்கும்மா, யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்றார் சார். எழுத்து தெரியாதவள் ஆன்லைனில் எதைப் பார்ப்பாள்?

ஷெட்டில் முதல் வாரம் நான் போய் நின்றேன். அஞ்சலை விரலை வைத்தாள். மிஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்றது.

"இன்னாக்கா சொல்றா அவ?"

"மறுபடி வையின்னு சொல்றா."

"காலையிலேருந்து வச்சிகினேதான் இருக்கறன். அவளுக்குத்தான் என்னப் புடிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பத்துத் தடவை வைத்தால் இரண்டு மூன்று தடவை பிடிக்கும். கொட்டை உடைக்காத நாளுக்கு மறுநாள் என்றால் சுலபமாகப் பிடிக்கும். மற்ற நாட்களில் பச்சை விளக்கு எரியாமலேயே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கூலி மேஸ்திரியின் தலை எண்ணிக்கைப்படி வந்துவிட்டது. அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. லிஸ்டுக்கு மட்டும்தான் மிஷின் கணக்கு.

எனக்கு உறைத்தது. பெரிய நல்லெண்ணம் என்று நினைக்க வேண்டாம். புது மிஷினை நான் நம்பவில்லை, பழைய பழக்கத்தை விடவும் மனசில்லை. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைப் போட்டு, மேஸ்திரியிடம் வழக்கம்போலச் சீட்டு வாங்கி, ஆள்கணக்கிலும் பதிந்துகொண்டே வந்தேன். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

அஞ்சலை மாதிரி விரல் தேய்ந்தவர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் கொட்டை உடைக்கிறவர்கள். ஜூன் மாதம் அந்த நாலு பேரும் கடலூருக்குப் போய்த் தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். அஞ்சலையையும் கூப்பிட்டார்கள். அவள் என்னிடம் வந்து கேட்டாள். ஒரு நாள் வேலை போகும், பஸ்ஸில் போகவேண்டும், சார் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு.

"போவட்டாக்கா?"

நான் பழைய கம்ப்யூட்டரைப் போட்டு அவள் எண்ணை அடித்துக் காட்டினேன். பச்சை எழுத்தில் அவள் பெயர். "இத பாரு. ஏப்ரல்லேருந்து உன் நாள் எல்லாம் இதுல இருக்கு. என்கிட்ட பத்திரமா இருக்கு. நீ எதுக்கு அலையற?"

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு முன்னாடி அமுதா, பின்னாடி அன்னக்கிளி. சரியாக்கீதா?"

"சரியா இருக்கு."

"அப்பறம் எனக்கின்னாக்கா கவல" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் கடலூருக்குப் போகவில்லை. என் வாய்தான் அவளை நிறுத்தியது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

அந்த நாலு பேருக்கும் அதிகாரி கடிதம் கொடுத்தார். விரலுக்குப் பதிலாகக் காட்ட நாலு அட்டைகள் வந்தன. விட்டுப்போன நாட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் சாரிடம் போய், "அஞ்சலைக்கும் ஒரு கார்டு குடுத்துடலாமே சார்" என்றேன். "லெட்டர்ல நாலு பேர்தானே மேடம் இருக்கு. அஞ்சாவது கார்டை சிஸ்டம் ஒத்துக்காது" என்றார். அப்போதாவது நான் அவளைக் கடலூருக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஆள்கணக் இருக்கிறதே என்ற மிதப்பு.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. யாரோ ஒரு நர்ஸ் சொன்னாளாம், கொட்டை உடைப்பதை விட்டுவிட்டால் விரல் ரேகை திரும்ப வளரும் என்று. "லிஸ்டுல பேரு வந்துட்டா மொத வேலையா அத வுட்டுடுவன்க்கா. ஆறு மாசத்துல ரேக வந்துடுமாம்ல? அப்பறம் அவ என்னப் பாத்து ப்ளீஸுன்னு சொல்ல வேணாம்."

மார்ச் மாதம் லிஸ்ட் தயாராகும் நேரம். நான் ஆள்கணக்கில் மாதக் கணக்கு போட்டுப் பார்த்தேன். அஞ்சலை இருநூற்று எண்பத்தோரு நாள். மிஷின் கணக்கில் வெறும் தொண்ணூற்றெட்டு. வெள்ளிக்கிழமை மதியம் சாரின் அறைக்குப் போய் விவரத்தைச் சொன்னேன். எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரே ஆபீஸ்ல ரெண்டு கணக்கு இருந்தா எது நிஜம்னு கேப்பாங்க. ஆடிட் வருது. அந்தப் பழைய மிஷின திங்கக்கிழமை கழிவுல போடறோம். அதுக்கு முன்னாடி உள்ள இருக்கறத க்ளியர் பண்ணிடுங்க."

"ஒரு பிரின்ட் மட்டும் எடுத்து வச்சுக்கறேனே சார்."

"பிரின்ட் எடுத்தா அது ரெக்கார்டு ஆயிடும்மா." பிறகு, "பதினெட்டு வருஷம் கெட்ட பேரு இல்லாம இருந்துட்டீங்க. யாரும் கேக்காத கணக்க நீங்க ஏன் வச்சிருந்தீங்கன்னு ஒரு கேள்வி வந்தா, நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். மிரட்டல் இல்லை. கவலையோடுதான் கேட்டார்.

வேலை போயிருந்தாலும் என் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். வீட்டுக்காரர் பர்மனன்ட், குவார்ட்டர்ஸ் இருந்தது. அதனால் வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. என் பயம் வேறு. 'மேடம்' என்று எல்லோரும் எழுந்து நின்று பேசுகிறார்களே, அது போய்விடுமோ என்ற பயம். ரிட்டயர் ஆகும் நாளில் சால்வை போடாமல் அனுப்பிவிடுவார்களோ என்ற அற்பப் பயம். ஒரு பெண்ணின் பிழைப்பும் என் தோளுக்கு வரப்போகும் ஒரு சால்வையும். நான் சால்வையை எடுத்தேன்.

பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மதியம் மூன்று மணி. வெளியே பெண்கள் வேலை முடித்துத் துடைப்பங்களைக் கட்டி வைக்கும் சத்தம் கேட்டது. அழிக்கும் கட்டளையை அடித்தேன்.

'நிச்சயமா?'

Y அடித்தேன்.

'இன்னொரு தடவை யோசிங்க.'

பச்சைக் கட்டம் விட்டு விட்டு மின்னியது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. N அடித்திருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். நான் யோசித்தேன். யோசித்துத்தான் அடித்தேன். எழுத்தே தெரியாத அந்த வெள்ளைக் கீயை விரல் தானாகத் தேடிப் போய்த் தொட்டது.

லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்ட அன்று அமுதாதான் வாசித்தாள். அவள் பெயருக்குப் பின் நேராக அன்னக்கிளி. இருவரும் ஏற்கெனவே அட்டை வாங்கியவர்கள். நடுவில் ஆளில்லை. அஞ்சலை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாளாம். பிறகு என் மேஜைக்கு வந்தாள். மூலையில் பழைய கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, ஒன்கிட்ட இருக்குன்னியே?"

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். எனக்கு வந்தது வேறு. "அது பழைய சாப்ட்வேர் அஞ்சலை. திடீர்னு தானா அழிஞ்சுபோச்சு. என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் அழவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொன்னாள். "வுடுக்கா. நீ இன்னா பண்ணுவ. மிஷினுதான, அதுக்கின்னா தெரியும்?"

அந்த ஒப்பந்தத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்துப் புது எண்ணில் திரும்ப வந்தாள், முதல் நாளிலிருந்து. கொட்டை உடைப்பதை விடவில்லை. எப்படி விடுவாள்? எனக்கு நாலு வருஷம் கழித்துச் சால்வை போட்டார்கள். சார் என்னைப் பற்றி உருக்கமாகப் பேசினார். சால்வை பீரோவில் மடித்தபடியே இருக்கிறது. இப்போதும் மார்க்கெட் பக்கம் போனால் எப்போதாவது அவளைப் பார்க்கிறேன். துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "நல்லாக்கிறியாக்கா?" என்று கேட்கிறாள். நான் காய்கறிப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு, "இருக்கேம்மா" என்கிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய குரலில் இன்னொன்றும் சொல்லியிருந்தாய் திவ்யா. "அந்த சாப்ட்வேர் ஒருநாள் தானா டேட்டாவ எல்லாம் அழிச்சிடுச்சாமே மேடம், ஆபீஸ்ல இன்னும் சொல்லிச் சிரிப்பாங்க, அதையும் சேத்து எழுதுங்க" என்று. அந்தக் கதையை ஆபீஸில் கிளப்பிவிட்டவள் நான்தான். பதினெட்டு வருஷத்தில் ஆள்கணக் ஒருவருடைய ஒரு நாளைக்கூடத் தானாக அழித்ததில்லை. அழிக்கட்டுமா என்று அது என்னைக் கேட்டது. இரண்டு முறை கேட்டது.